சொல்லிவிட்டுப் போய் அளந்த கிணறுகள்

1. முதல் நாள் விழுந்த வாளித் தண்ணீர்

நீர் அளக்கும் வேலைக்குப் போன முதல் நாளே என் தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. அதற்கு முன் என் சேவைக்காலம் முழுவதும் குழாய் வெடித்த இடங்களில் கிடங்கு வெட்டிப் பொருத்துகிற வேலைதான் பார்த்தேன். முழங்கால் இரண்டும் கெட்டுப்போக, வேலையிலிருந்து இளைப்பாறச் சில வருடங்கள் இருக்கும்போது, என்னைப் புதிதாகத் தொடங்கிய அளவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மழைக்கும் சேற்றுக்கும் இனி விடுதலை என்று நினைத்துத்தான் போனேன்.

பிரிவின் பொறியியலாளர் கௌசல்யா மிஸ். என் மூத்த மகளின் வயது இருக்கும். யாழ்ப்பாண நகரத்தின் நீர் முகாமைத்துவம் எவ்வளவு நிலைபேறானது என்று வட்டாரம் வட்டாரமாக அளந்து புள்ளி போடுவதுதான் எங்கள் வேலை என்று அவர் முதல் நாள் விளங்கப்படுத்தினார். படிவத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வரிகள். குழாய் நீர் எத்தனை மணித்தியாலம் வருகிறது, எவ்வளவு ஒழுகிப் போகிறது, மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி, மழைநீர் எங்கே போகிறது என்று அது நீண்டுகொண்டே போகும். எல்லாப் புள்ளியையும் கூட்டினால் வட்டாரத்துக்கு ஒரு நிறம் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு.

அதில் கிணற்றுக்கான வரிகள் என் பொறுப்பு. எங்கள் ஊர்களில் கிணற்றை விட்டுவிட்டு நீரைப் பற்றிப் பேச முடியாது. கீழே முழுவதும் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை அதற்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் கிடக்கிற உப்பு மேலே ஏறும். இதை அளக்க எனக்கு இரண்டு கருவிகள் தந்தார்கள். தண்ணீரில் தொட்டதும் 'கீ' என்று கத்துகிற நாடா ஒன்று. பேனை மாதிரி நனைத்துப் பார்க்கிற உப்பு மீற்றர் ஒன்று.

அந்த முதல் நாள் ஒரு ஒழுங்கைக்குள் போய், கேற் திறந்து கிடந்த வீட்டில் "வீட்டுக்காரர், வீட்டுக்காரர்" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை. நான் அரச உத்தியோகத்தர்தானே என்ற துணிவில் நேரே கிணற்றடிக்கு நடந்தேன். அங்கே ஒரு பெண்மணி குறுக்குக்கட்டோடு குளித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையில் இருந்த வாளியைத் தண்ணீரோடு வீசினார். படிவம், மீற்றர், நான், எல்லாம் நனைந்தோம். அடையாள அட்டையைக் காட்ட எடுத்தேன், அதுவும் நனைந்து போயிருந்தது.

நான் மோட்டர் சைக்கிளில் அலுவலகம் வந்துசேர முன்பே முறைப்பாடு வந்து சேர்ந்துவிட்டது. கௌசல்யா மிஸ் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"பரமேஸ் அண்ணை, இனி நாளைக்குப் போற இடத்துக்கு இண்டைக்கே போன் எடுத்துச் சொல்லிப்போட்டுப் போங்கோ. கிணத்தடி எண்டால் பொம்பிளையள் குளிக்கிற இடமெல்லோ."

அன்று தொடக்கம் நான் சொல்லாமல் ஒரு வளவுக்குள்ளும் கால் வைக்கவில்லை. போகிறதற்கு முதல் நாள் மாலை நாலு மணிக்கு, "நாளைக்குக் காலமை ஒம்பது மணிக்குக் கிணறு அளக்க வாறன்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிடுவேன். முறைப்பாடும் நின்றது. இந்தப் பிரிவிலேயே ஒழுங்கான மனிதன் நான்தான் என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

2. றெஜினாவின் கிணறு

என் பட்டியலில் கடற்கரைப் பக்கம் ஒரு வட்டாரம் இருந்தது. கடலுக்குப் போகிற குடும்பங்கள் வாழும் தெரு, தெரு முடிவில் அவர்களின் கத்தோலிக்கக் கோயில். தெருவுக்கு நடுவில் ஒரு பொதுக்கிணறு. அதை நம்பி நாற்பது வீடு. குழாய் நீர் அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. கிணற்றில் ஒரு சின்ன மோட்டர் பூட்டித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள். குளிக்கிறவர்கள் வாளியால் அள்ளுவார்கள்.

மோட்டர்ப் பெட்டிப் பூட்டின் திறப்பு றெஜினாவிடம் இருந்தது. ஐம்பது வயது மட்டில் இருக்கும், குரல் தெருவின் மறுமுனைக்கும் கேட்கும். கிணற்றுக் குழுவுக்கு அவர்தான் தலைவி. காலையில் அரை மணி, மாலையில் அரை மணிதான் மோட்டர் ஓடும். பெண்கள் குளிக்கிற நேரம் வேறு, ஆண்கள் குளிக்கிற நேரம் வேறு. வலை கழுவ யாராவது கிணற்றடிக்கு வந்தால் அவர் கதி அதோகதி. படிவத்தில் இதற்கெல்லாம் வரி இல்லை என்பதால் நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

முதல் தரம் போனபோது கிணற்றடி பளிச்சென்று இருந்தது. கூட்டி, கழுவி, சீமெந்துத் தளம் முழுக்க ஈரம். எனக்கு ஒரு கதிரை போட்டு, தேத்தண்ணியும் பணிசும் தந்தார்கள். நாடாவை இறக்கினேன். நீர்மட்டம் நன்றாகக் கீழே கிடந்தது. மீற்றரை நனைத்தேன். இரண்டாயிரத்துக்கு மேல் காட்டியது. குடிக்கிற தண்ணீருக்கு அது கூடாத எண்.

"தங்கச்சி, தண்ணி சவர்க்குது போலை கிடக்கு" என்றேன்.

"இல்லை சேர், நல்ல தண்ணி. இப்ப தேத்தண்ணி குடிச்சனீங்கள்தானே, சவர்த்ததோ?"

உண்மையில் தேத்தண்ணி உப்புக் கரிக்கவில்லை. ஆனாலும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. நான் இணுவில்காரன். செம்மண் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். கடற்கரைச் சனத்துக்கு உப்புக்கரிப்பு நாக்கில் தெரியாது என்று எனக்கு ஒரு திமிர். ஈரமான தளத்தையும் இறங்கிக் கிடந்த மட்டத்தையும் பார்த்துவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் "அதிக பாவனை, நீர் வீணாக்கப்படுகிறது" என்று எழுதினேன். அதை எழுதியதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏழு மாதம், மாதம் ஒரு தரம் போனேன். ஒவ்வொரு தரமும் அதே ஈரம், அதே பணிஸ், அதே கூடாத எண்.

3. சிவப்பு

வருட முடிவில் வரைபடம் தயாரானது. றெஜினாவின் வட்டாரம் சிவப்பு. சிவப்பு விழுந்த இடங்களில் பொதுக்கிணறுகளைக் கொங்கிறீற் மூடி போட்டு மூடுவது, குழாய் நீர் வரும் வரை பவுசர் வண்டியில் தண்ணீர் கொடுப்பது என்று இங்குள்ள மேலிடத்தில் முடிவாயிற்று. கடிதம் தெருவுக்குப் போனது. குழாய் எப்போது வரும் என்று கடிதத்தில் இல்லை.

இரண்டு நாள் கழித்து றெஜினா அலுவலகம் வந்தார். கௌசல்யா மிஸ் அன்று வெளி வேலை. றெஜினா என் மேசைக்கு முன்னால் நின்றபடியே கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வைத்தார்.

"இது எங்கடை கிணத்துத் தண்ணி. விடியக் காலமை அள்ளினது. குடிச்சுப் பாருங்கோ சேர்."

நான் குடிக்கவில்லை. மீற்றரை எடுத்துப் போத்தலுக்குள் விட்டேன். எண்ணூறு காட்டியது, குடிக்கக்கூடிய எண். மீற்றரைத் துடைத்துத் திரும்ப விட்டேன். அதே எண்ணூறு.

ஏழு மாதமும் என் கையால் அளந்து எழுதிய எண்கள் இருக்கின்றன. அவை பிழையாக இருக்கும் என்று என் மூளைக்கு எட்டவே இல்லை. அதனால் நான் கேட்ட கேள்வி இதுதான்.

"தங்கச்சி, இது எந்தக் கிணத்திலை அள்ளினது?"

அவர் போத்தலை எடுத்து, மூடியை இறுக்கி, பைக்குள் வைத்தார்.

"நாப்பது வீடு அண்ணை. பவுசர் எத்தினை மணிக்கு வருமெண்டு பாத்துக்கொண்டு நிண்டால் எங்கடை பொடியள் எப்ப பள்ளிக்கூடம் போறது, நாங்கள் எப்ப மீன் வாடிக்குப் போறது? அதைச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் என்னைக் கள்ளி எண்டுறியள்."

அதுவரை 'சேர்' என்று சொன்னவர் அன்றுதான் 'அண்ணை' என்றார். அது உரிமையில் வந்த அண்ணை இல்லை என்பது எனக்கு நன்றாக விளங்கியது. அவர் போன பிறகு ஏழு மாதப் படிவங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

4. பூசை நேரம்

அந்தக் கிணற்றை ஒரு முறை சொல்லாமல் போய் அளக்க வேண்டும் என்று தோன்றியது. நல்ல எண்ணத்தில் தோன்றியது என்று சொன்னால் பொய். அவர் வேறு கிணற்றில்தான் அள்ளி வந்தார் என்று நிரூபித்து என் மனதைச் சமாதானப்படுத்தவே நினைத்தேன்.

ஆனால் சொல்லாமல் கிணற்றடிக்குப் போனால் என்ன நடக்கும் என்று முதல் நாளே தலையில் வாங்கியவன் நான். யோசித்து ஞாயிற்றுக்கிழமை காலையைப் பிடித்தேன். பூசை நேரத்தில் முழுத் தெருவும் கோயிலுக்குள் இருக்கும், கிணற்றடியில் ஒரு குருவியும் நிற்காது.

நினைத்தபடியே யாரும் இல்லை. கிணற்றடி அன்று வழக்கம் போல் இல்லை. தளம் காய்ந்து கிடந்தது. வேப்பஞ்சருகு அங்கங்கே விழுந்திருந்தது. நாடாவை இறக்கினேன். நான் நினைத்ததற்கு வெகு முன்னமே கத்தியது. தண்ணீர் அவ்வளவு மேலே நின்றது. வாளியில் அள்ளி மீற்றரை விட்டேன். எண்ணூற்றுச் சொச்சம். மூன்று தரம் அளந்தேன். பிறகு ஒரு கை அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர். கிணற்றுக் கட்டில் அப்படியே இருந்துவிட்டேன்.

பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. வெள்ளைச் சேலையோடு வந்த றெஜினா என்னைக் கண்டு திகைத்து நின்றார். அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது வேறொன்று.

"என்ன அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டியள்? ஐயோ, கிணறு இறைக்கேல்லை, கூட்டேல்லை, சருகெல்லாம் கிடக்குது."

"கிணறு இறைக்கேல்லையோ? ஏன் இறைக்க வேணும்?"

"நீங்கள் வாறதெண்டால் நாங்கள் விடியவே மோட்டரைப் போட்டு மூண்டு மணித்தியாலம் அடிச்சேறு கலக்கி இறைச்சுத்தானே விடுறனாங்கள். அரசாங்கக் கந்தோர் ஆக்கள் வந்து பாக்கேக்கை ஊத்தைக் கிணத்தைக் காட்டலாமே? நீங்கள் முதல் நாளே போன் எடுத்துச் சொல்லுறதும் அதுக்குத்தானே?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விருந்தாளி வருகிறார் என்றால் வீடு கழுவுவது போல, நான் வருகிறேன் என்று அந்தச் சனம் கிணற்றை இறைத்திருக்கிறது. மூன்று மணித்தியாலம் இறைத்த கிணற்றில் மட்டம் இறங்காமல் என்ன செய்யும், உப்பு ஏறாமல் என்ன செய்யும்? அடுத்த நாள் விடிய அது பழைய நிலைக்கு வந்துவிடும், அப்போது நான் இருக்க மாட்டேன். எனக்குத் தந்த தேத்தண்ணி முதல் நாள் பிடித்து வைத்த தண்ணீரில் போட்டது. சேறு கலங்கிய தண்ணீரைச் சேருக்குக் கொடுக்கலாமா என்று அதையும் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்.

விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே கிணற்றுக் கட்டில் கையை ஊன்றினார்.

"அப்ப எங்கடை கிணத்தை நாங்களே கெடுத்துக் காட்டினமோ?"

"இல்லை தங்கச்சி. பிழை என்ரை. உங்களிட்டை அண்டைக்கு அப்பிடிக் கேட்டதும் பிழை."

"ஓம், அது பிழைதான்" என்றார். பிறகு தன் வீட்டுப் பக்கம் பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

5. பட்டியல் முழுக்க

திங்கட்கிழமை காலையில் கௌசல்யா மிஸ்ஸின் முன்னால் போய் நின்றேன். அறிக்கை கொழும்புக்குப் போக ஆயத்தமாக மேசையில் இருந்தது. இளைப்பாறுகிற நேரத்தில் என் சேவைப் பதிவுக் கோவையில் ஒரு கறுப்புப் புள்ளி விழப்போகிறது என்று தெரிந்துதான் போனேன்.

"மிஸ், நான் அளந்தது எல்லாம் பிழை. றெஜினாவின்ரை கிணறு மட்டுமில்லை, மற்றதுகளும் பிழையாத்தான் இருக்கும்."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எல்லா வீட்டுக்கும் போன் எடுங்கோ அண்ணை. இப்பவே. நீங்கள் அளக்கப் போக முதல் அவை என்ன செய்தவை எண்டு கேளுங்கோ. ஆரையும் ஏசாதேங்கோ."

அன்று முழுவதும் தொலைபேசிதான். ஒருவர் முதல் நாளே இறைத்துவிட்டார். ஒருவர் அயல் வீடுகளுக்குச் சொல்லி ஒரு நாள் முழுக்க அள்ளாமல் மறித்து வைத்திருக்கிறார், சேர் வரும்போது கிணறு நிறைய இருக்க வேண்டுமாம். பலர் புளீச்சிங் பவுடர் கொட்டியிருக்கிறார்கள். உடுவில் பக்கத்திலிருந்து வந்து நகரத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கிணற்றில் நுளம்புப் புழு தின்ன விட்ட மீன்களை எல்லாம் பிடித்து வாளிக்குள் போட்டு வைத்துவிட்டு, நான் போனதும் திரும்ப விடுவாராம். "மீன் கிடந்தால் சுத்தமில்லை எண்டு எழுதிப்போடுவியள் எண்டு பயந்தனான்" என்றார். ஒன்றுமே செய்யாமல் விட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

கௌசல்யா மிஸ் அறிக்கையை நிறுத்தினார். கிணற்று அளவுகளைத் திரும்ப எடுக்க மூன்று மாதம் தவணை கேட்டார். மேலதிகாரி தொலைபேசியில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ஒரு கிணத்தை அளக்கத் தெரியாதே உங்களுக்கு?" மிஸ் என் பெயரைச் சொல்லவில்லை. "சொல்லிப்போட்டுப் போகச் சொல்லி அறிவுறுத்தினது நான், சேர்" என்றார். அதற்கு நான் நன்றி சொல்ல முயன்றேன், அவர் விடவில்லை. "உண்மை அதுதானே, போய் வேலையைப் பாருங்கோ" என்றார்.

மூடும் கடிதமும் அந்த மூன்று மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. ஆனால் எப்படி அளப்பது? சொல்லிவிட்டுப் போனால் இறைப்பார்கள். இறைக்காதீர்கள் என்று சொன்னால் மறித்து வைப்பார்கள். சொல்லாமல் போனால் வாளி பறக்கும். எல்லா வட்டாரத்துக்கும் ஞாயிறு பூசையும் கிடையாது.

வழி சொன்னது றெஜினா. "உந்த மீற்றரைத் தந்திட்டுப் போங்கோவன். விடியவே, முதல் வாளி அள்ள முன்னம் நான் பாத்து எழுதிறன். அதுக்கென்ன, நான் எப்பிடியும் அந்த நேரம் கிணத்தடியிலை நிக்கிறனான்."

நான் போய்ச் சொன்னதும் மிஸ் யோசித்தார். "கிணறு மூடுபடாமல் இருக்க நல்ல நம்பராப் பாத்து எழுதிப்போட்டால் என்ன செய்யிறது அண்ணை?"

அது நியாயமான கேள்வி. "இந்த விசயத்திலை ஒருக்கா அவவைப் பிழையா நினைச்சுப் பட்டது போதும் மிஸ். நான் பொறுப்பு" என்றேன். மீற்றரும் நாடாவும் றெஜினாவிடம் போயின. வேறு சில தெருக்களிலும் அப்படியே கொடுத்தோம். றெஜினா ஒரு பாடசாலைக் கொப்பியில் கோடு போட்டு எழுதி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவார். இடையிடையே நான் பூசை நேரத்தில் போய்ச் சரிபார்த்தேன். எண்கள் ஒத்துப்போயின.

மூன்று மாத முடிவில் வட்டாரம் மஞ்சளுக்கு வந்தது. மலகூடக் குழிகள் கிட்டக் கிடப்பதால் பச்சை கிடைக்கவில்லை, அதுவும் சரிதான். கிணறு மூடும் கடிதம் வாபஸ் ஆனது.

6. கூடாத எண்

அதற்குப் பிறகு வந்த கோடையில், நான் இளைப்பாற இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை றெஜினாவின் கொப்பிப் படம் வந்தது. கோட்டுக்குள் ஆயிரத்து எழுநூறு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நீர்மட்டம், வழக்கத்தைவிட இரண்டு அடி கீழே. நான் பயந்துபோய் அழைப்பெடுத்தேன்.

"தங்கச்சி, இது இறைச்ச பிறகு எடுத்ததோ?"

"இல்லை அண்ணை. முதல் வாளிக்கு முன்னம். மூண்டு தரம் பாத்தனான். கோயில் திருநாளுக்கு வெளிநாட்டாலை ஆக்கள் வந்து தெரு நிறைஞ்சு போச்சு. மோட்டர் பத்து நாளா விட்ட பாடில்லை. என்ரை பிழையும்தான், திருநாள் எண்டு திறப்பைக் குடுத்திட்டன்."

"இந்த நம்பர் இப்பிடியே நிண்டால் திரும்பச் சிவப்பு. மூடியும் வரும். தெரியும்தானே?"

"தெரியும் அண்ணை."

"தெரிஞ்சுகொண்டோ அனுப்பினனீங்கள்?"

"வேறை என்னத்தை அனுப்பிறது? எண்ணூறு எண்டு எழுதினால் கந்தோர் நம்பும். குடிக்கிறது என்ரை பேரப்பிள்ளையளெல்லோ."

நான் அந்த எண்ணைப் படிவத்தில் எழுதிக்கொண்டேன். அவர் தொடர்ந்தார். திறப்பை அன்று விடியவே திரும்ப வாங்கிவிட்டாராம். ஒரு மாதத்துக்கு மோட்டர் காலையில் பத்து நிமிடம் மட்டும். குளிப்பு வாளியில், ஆளுக்கு அளந்து. வெளிநாட்டு ஆட்களுக்கும் அதுதான் சட்டம். லண்டனிலிருந்து வந்த மச்சான்காரர் முகத்தைச் சுளித்தாராம். "லண்டனிலை போய்க் குளிக்கச் சொன்னன்" என்றார்.

அந்த எண்ணை மிஸ் அப்படியே மேலே அனுப்பினார். கூடவே, படிவத்தில் ஒரு புது வரி சேர்க்க வேண்டும் என்று எழுதினார்: எண் கெட்டுப்போனபோது அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள்? அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் எண் இறங்கத் தொடங்கியது. ஆறாவது வாரம் தொளாயிரத்துக்கு வந்தது. மூடி வரவில்லை.

இப்போது அந்தப் பிரிவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சில வேளை என்னிடம் வந்து, நிலைபேறு என்றால் உண்மையில் என்ன ஐயா, எதை வைத்து அளப்பது என்று கேட்கிறார்கள். வரைவிலக்கணம் எனக்குப் பாடமில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, தன் கிணற்றை மூடிவிடுவார்கள் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், உள்ள எண்ணை உள்ளபடி எங்களுக்கு அனுப்பினார். அதை அனுப்புவதற்கு முன்னமே மோட்டர்த் திறப்பையும் வாங்கி வைத்துவிட்டார். நான் அளந்ததில் அதுதான் நம்பத்தக்கது என்று சொல்லி அனுப்புகிறேன்.